பால் சேர்க்காத ஓட்ஸ் குக்கீஸ் தட்டு முழுக்கப் பரவிவிடுகிறது, அவசர உதவி

செவ்வந்தி_அம்மா (புதன் இரவு)
வணக்கம். பால், வெண்ணெய் எதுவும் சேர்க்காமல் ஓட்ஸ் குக்கீஸ் செய்கிறேன். பழம், முந்திரி, நிலக்கடலை எல்லாம் போட்டு, மைதா இல்லாமல். ஓவனில் வைத்ததும் அடை மாதிரி பரவி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. ஓரம் சிவந்துவிடுகிறது, நடுவில் பிசுபிசுப்பு. கையில் எடுத்தால் உடைகிறது. சனிக்கிழமை மகன் பிறந்தநாள், வகுப்புக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். எங்கே தவறு என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்
என்ன எண்ணெய்? எந்த ஓட்ஸ்? ஓடிஜியா (கம்பி சூடாகும் சின்ன மின் ஓவன்), மைக்ரோவேவா? எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம்?

கொங்கு_சமையல்
ஊரையும் சொல்லுங்கள் அக்கா. வெயிலுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு.

செவ்வந்தி_அம்மா
சேலம். ஓடிஜி, 180 டிகிரி. தேங்காய் எண்ணெய். ஓட்ஸ் சாதாரண ஓட்ஸ்தான். அளவெல்லாம் சரியாகத்தான் போடுகிறேன்.

கொங்கு_சமையல்
சேலம் என்றால் எண்ணெய்தான் காரணம், சந்தேகமே வேண்டாம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உருகிவிடும். நம் ஊரில் அது வருடத்தில் பாதி நாள் தண்ணீராகத்தான் இருக்கும். வெண்ணெய் போட்ட குக்கீயில் கொழுப்பு ஓவனுக்குள் போன பிறகுதான் உருகும், அதற்குள் மாவு கொஞ்சம் இறுகிக்கொள்ளும். இங்கே முதலிலேயே உருகிய நிலையில் இருப்பதால் மாவுக்குப் பிடிப்பு இல்லை. பிசைந்த மாவை ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் வைத்து, கெட்டியானதும் உருட்டி வையுங்கள்.

அடுமனை_அண்ணாச்சி
"சாதாரண ஓட்ஸ்" என்று உலகத்தில் ஒன்று கிடையாது. தட்டையாக முழுசாக இருப்பது ரோல்டு ஓட்ஸ். அதையே இன்னும் மெலிதாக்கி உடனே வேகும்படி செய்தது இன்ஸ்டன்ட் ஓட்ஸ். கத்தியால் நறுக்கியது போல் துண்டாக இருப்பது ஸ்டீல் கட், அது குக்கீயில் வேகவே வேகாது. "அளவெல்லாம் சரி" என்பதும் அளவு ஆகாது. கேள்வி கேட்கத் தெரியாதவர்களுக்கு எப்படிப் பதில் சொல்வது? இங்கே எத்தனையோ பேருக்கு இதையே சொல்லிவிட்டேன். சமையலறைத் தராசு ஒன்று வாங்கிவிட்டு வாருங்கள்.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்
அண்ணாச்சி, தகவல் நல்ல தகவல். ஆனால் குழந்தைக்காகக் கேட்கிற அம்மாவிடம் கொஞ்சம் பதமாகச் சொல்லலாமே.

அஸ்தம்பட்டி_லலி
எதற்கு இவ்வளவு சிரமம்? எண்ணெயில் பாதியைக் குறைத்து நெய் விடுங்கள், மணமும் வரும், மாவும் சேரும். நெய்யில் பால் ஏது? உருக்கி வடிகட்டியாயிற்றே.

மருந்துக்கடை_தம்பி
அக்கா, பொறுங்கள். முதலில் பையனுக்குப் பால் ஏன் ஆகாது என்று தெரிய வேண்டும். பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸ் செரிக்காதது ஒரு வகை. அவர்களில் பலருக்கு நெய் ஒன்றும் செய்யாது, ஏனென்றால் அதில் லாக்டோஸ் மிகக் குறைவு. பால் ஒவ்வாமை வேறு விஷயம். அது கேசீன் போன்ற பால் புரதத்துக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு. எவ்வளவு வடிகட்டினாலும் நெய்யில் அந்தப் புரதம் துளியாவது தங்கலாம். அப்படிப்பட்ட குழந்தைக்கு நெய்யைத் தொடவே கூடாது.

அஸ்தம்பட்டி_லலி
எங்கள் வீட்டில் பால் ஒத்துக்கொள்ளாத எல்லோரும் நெய் சாப்பிடுகிறார்கள். யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

மருந்துக்கடை_தம்பி
அவர்களுக்கு முதல் வகையாக இருக்கும் அக்கா. இரண்டையும் ஒன்றாகப் பேசுவதுதான் ஆபத்து. ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு உதடு வீங்கும், மூச்சு திணறும், சில நேரம் உயிருக்கே ஆபத்தாக முடிந்துவிடும். டார்க் சாக்லேட், மார்ஜரின் வாங்கினாலும் பாக்கெட்டின் பின்னால் பால் பொருள் இருக்கிறதா என்று படித்துத்தான் வாங்க வேண்டும்.

தினைமாவு
அடிப்படைக் கேள்வி ஒன்று. ஓட்ஸே எதற்கு? சேர்வராயன் மலையிலும் கல்வராயன் மலையிலும் சாமையும் தினையும் விளைகின்றன. சத்து வேண்டும் என்பவர்கள் குளிர்நாட்டுத் தானியத்தைப் பாக்கெட்டில் வாங்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கொங்கு_சமையல்
தினை மாவில் நானும் செய்திருக்கிறேன், சுவை அருமை. ஆனால் ஓட்ஸ் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு கொழகொழப்பாகி மாவைச் சேர்த்துப் பிடிக்கும். தினைக்கு அந்தப் பிடிப்பு இல்லை, உதிரும். சனிக்கிழமைக்குள் புதுச் சோதனை வேண்டாம், அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.

செவ்வந்தி_அம்மா (வியாழன் மதியம்)
மகனுக்குப் பால் ஒவ்வாமை, டாக்டர் சொன்னது. அதனால் நெய் கிடையாது. முட்டையும் போடுவதில்லை. அளவு: இன்ஸ்டன்ட் ஓட்ஸ் 1 கப், கோதுமை மாவு அரை கப், எண்ணெய் அரை கப், வெல்லப்பாகு முக்கால் கப், செவ்வாழை 1 மசித்தது, பேரிக்காய் துருவியது கொஞ்சம், ஆப்ப சோடா 1 டீஸ்பூன், முந்திரி, கடலை. ஃப்ரிட்ஜில் வைத்தும் பார்த்துவிட்டேன். எண்ணெய் இங்கே இரவில் தானாகவே உறைந்துவிடுகிறது. வீடு ஏற்காட்டில், ஒண்டிக்கடைக்குப் பக்கம். சாமான் வாங்குவது சேலத்தில்.

காப்பித்தோட்டம்
அக்கா, இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்! நானும் மேலேதான் இருக்கிறேன். ஏற்காடு கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் மேலே. இந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 95 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். சோடாவில் இருந்து வரும் வாயுவும் கீழே இருப்பதைவிட அதிகமாக விரியும். மாவு வெந்து இறுகுவதற்குள் பொங்கி, தாங்க முடியாமல் அமுங்கிப் பரவிவிடும். சேலத்துக் குறிப்பு 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தால் அப்படியே பலிக்காது. சோடாவைக் குறையுங்கள், இனிப்பைக் குறையுங்கள், மாவைக் கூட்டுங்கள், சூட்டை 10 டிகிரி ஏற்றுங்கள்.

அடுமனை_அண்ணாச்சி
உயரம் உண்மைதான், ஆனால் முதல் குற்றவாளி அது இல்லை. இந்த அளவை வைத்துச் சேலத்தில் செய்தாலும் பரவும். அரை கப் மாவுக்கு 1 டீஸ்பூன் சோடா மிக அதிகம், கால் டீஸ்பூன் போதும். பாகு, மசித்த பழம், துருவிய காய் மூன்றும் தண்ணீர். போதாததற்கு மாவுக்குச் சமமாக எண்ணெய். நடுவில் எப்படி வேகும்? இப்படிச் செய்யுங்கள்:

ரோல்டு ஓட்ஸ் ஒன்றரை கப், கோதுமை மாவு முக்கால் கப், தேங்காய் எண்ணெய் மூன்றில் ஒரு பங்கு கப், பொடித்த நாட்டுச் சர்க்கரை அரை கப், சோடா கால் டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. முட்டைக்குப் பதில் ஆளி விதைப் பொடி 1 டேபிள்ஸ்பூனை 3 டேபிள்ஸ்பூன் தண்ணீரில் பத்து நிமிடம் ஊற வைத்தால் பசை போல ஆகும், அதுதான் பிடிப்பு. உலராத பழம் வேண்டாம். பேரீச்சையும் உலர் திராட்சையும் நறுக்கிப் போடுங்கள். கடலை, முந்திரியை லேசாக வறுத்துச் சேருங்கள். மாவு உதிர்ந்தால் தேங்காய்ப்பால் ஒன்றிரண்டு ஸ்பூன். கலந்ததும் அரை மணி விட்டால் ஓட்ஸ் ஊறிக்கொள்ளும். தட்டிப் போடுங்கள், இது தானாகப் பெரிதாகப் பரவாது. 190 டிகிரி, 12 நிமிடத்தில் பாருங்கள். வெளியே எடுத்ததும் கை வைக்கக் கூடாது. தட்டிலேயே பத்து நிமிடம் ஆறினால்தான் இறுகும்.

காப்பித்தோட்டம்
அண்ணாச்சி சொன்ன அளவை ஏற்கிறேன், ஆனால் உயரத்தைத் தள்ளிவிட முடியாது. சோடாவைக் கால் டீஸ்பூனிலும் கொஞ்சம் குறைத்தே போடுங்கள்.

அடுமனை_அண்ணாச்சி
அந்தச் சிட்டிகையில் என்ன தெரிந்துவிடப் போகிறது?

காப்பித்தோட்டம்
மேலே வந்து ஒரு தட்டு செய்து பாருங்கள் அண்ணா, தெரியும்.

மருந்துக்கடை_தம்பி
வகுப்புக்கு அனுப்புவதால் ஒரு வார்த்தை. வேறு பிள்ளைகளுக்குக் கடலை, முந்திரி ஒவ்வாமை இருக்கிறதா என்று டீச்சரிடம் கேட்டுவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் அவற்றை எடுத்துவிட்டு வெள்ளரி விதை, பூசணி விதை போடலாம்.

செவ்வந்தி_அம்மா (வெள்ளி இரவு)
பரவவில்லை. நடுவிலும் வெந்துவிட்டது. டீச்சரிடம் கேட்டேன், கடலை வேண்டாம் என்றார், விதைகள் போட்டேன். அடிப்பக்கம் மட்டும் கொஞ்சம் கருகுகிறது. எல்லோருக்கும் நன்றி.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்
ஓடிஜியில் கீழ்க் கம்பிதான் அடிப்பக்கத்தைக் கருக்கும். தட்டை நடு அடுக்குக்கு ஏற்றி, அடியில் இன்னொரு காலித் தட்டு வையுங்கள். தம்பிக்குப் பிறந்தநாள் வாழ்த்துகள்.