ஸ்டான்லி நம்பர் 5 இழைப்புளி: உள்ளே முறிந்த கைப்பிடிக் கம்பியை எப்படி எடுப்பது?

வணக்கம். ஸ்டான்லி பெய்லி நம்பர் 5, 14 இன்ச், வார்ப்பில் 'மேட் இன் யுஎஸ்ஏ'. போன மாதம் மதுரை சிம்மக்கல் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. பின்கைப்பிடியைப் பிடிக்கிற கம்பி அடித்தட்டின் குமிழுக்குள் (கம்பி திருகி இறங்கும் மேட்டுக்குள்) துருவேறி முறிந்து நிற்கிறது. கிரிப் பிளையர் பிடிக்க மேலே துளிகூட நீட்டிக்கொண்டில்லை.

அசிட்டோனும் ஏடிஎஃப் ஆயிலும் (ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்) சரிபாதி கலந்து ஒரு வாரம் ஊறவிட்டாச்சு. குமிழை டார்ச்சால் லேசாகச் சூடாக்கி மெழுகு விட்டாச்சு. உடைந்த முகத்தின் ஓரத்தில் சென்டர் பஞ்ச் வைத்து இடச்சுற்றாகத் தட்டியும் அசையவில்லை. 3 எம்எம் இடச்சுற்று ட்ரில் போட்டால், முறிந்த முகம் சரிவாக இருப்பதால், கம்பியை விட்டு வார்ப்பிரும்புப் பக்கம் சறுக்குகிறது. ஈஸி-அவுட் (முறிந்த கம்பியைத் திருகி எடுக்கும் கருவி) வேண்டாம், அது உள்ளே முறிந்தால் அப்புறம் சாதாரண ட்ரில் இறங்காது. கே.புதூரில் ஒரு லேத் பட்டறையில் நட்டு வைத்து வெல்டிங் அடிக்கலாம் என்கிறார்கள். அந்தச் சூட்டில் வார்ப்பு விரிசல் விடலாம், அதற்கு மனசு வரவில்லை.

மரை 12-20: இன்ச்சுக்கு 20 புரி, விட்டம் சுமார் 5.5 எம்எம். எம்6 டேப் (6 எம்எம் மரை வெட்டும் கருவி) ஓட்டினால் அசல் மரை போய்விடும்.

மரை கெடாமல், ட்ரில்லைக் கம்பியின் நட்டநடுவில் நிறுத்தி இறக்க என்ன வழி?