குப்பத்துப் பால்வாடி: பேர் இருக்கு, பிள்ளை எங்கே?

எண்ணூர்ப் பக்கம் குப்பங்களில் அம்மா விடியுமுன்னே காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போய்விடுவார். பாட்டி பிள்ளையைக் கிளப்பிப் பால்வாடிக்குக் கொண்டுவந்து விடும்போது மணி பத்தரை ஆகிவிடும். பாட்டும் கதையும் அதற்குள் முடிந்திருக்கும், மிச்சம் சாப்பாடுதான். "அங்க சோறு மட்டும்தான் போடுறாங்க" என்ற பேச்சு இப்படித்தான் பிறக்கிறது. கதையையும் உரையாடலையும் 10.45-க்குத் தள்ளிவையுங்கள். சீக்கிரம் வரும் பிள்ளைகளுக்கு அதுவரை விருப்ப விளையாட்டு போதும். பால்வாடி ஆயா தினமும் ஒரே நேரத்தில் ஒரே தெரு வரிசையில் கூப்பிட்டு வந்தால் பாட்டிகளும் அந்த நேரத்துக்குப் பிள்ளையைத் தயார் செய்துவிடுவார்கள்.

*

நேரத்தை மாற்றினாலும் மூன்று வயது முடிந்ததும் பிள்ளை தனியார் எல்கேஜிக்குப் போய்விடும், டீச்சரிடம் இரண்டு வயதுக்காரர்களே மிஞ்சுவார்கள். பிள்ளை சேர்க்க வீடு வீடாகப் போவதை ஜூனுக்கு வைத்தால் தாமதம். அதற்குள் ஃபீஸ் கட்டியிருப்பார்கள். விசைப்படகுத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அது தொடங்கியதுமே போனால் அப்பாவும் வீட்டில் இருப்பார். குழந்தைக்கு ஆதார் இல்லையென்று யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள், பால்வாடிப் பிள்ளைகளைப் பதியும் அரசு செயலியான போஷன் டிராக்கரில் அம்மாவின் ஆதாரை வைத்தே பதியலாம். வேறு பகுதியிலிருந்து குடிவந்த குடும்பமென்றால், பழைய மையத்தில் பேர் இன்னும் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஒரே பிள்ளை இரண்டு இடத்தில் இருந்தால் கணக்கு மட்டும் ஏறும், வருகை ஏறாது.

*

தரம் பார்க்க வேண்டுமா? சொல்லாமல் பதினொன்றுக்குப் போய் பீரோவைப் பாருங்கள். விளையாட்டுச் சாமான் பிரிக்காத கவரோடு உள்ளே இருக்கும். உடைந்தால் ஸ்டாக் கணக்கில் தன் தலையில் விழும் என்று டீச்சர் பயப்படுகிறார், அது நியாயமான பயம். 'உடைந்தது' என்று எழுத ஒரு பக்கம் ஒதுக்கி, மேற்பார்வையாளர் மாதாமாதம் அதில் கையெழுத்துப் போட்டால் பீரோ தானாகத் திறக்கும்.

தினம் இரண்டு தட்டு வெளியே இருந்தால் போதும். ஒன்றில் கட்டைகள், இன்னொன்றில் கரையில் பொறுக்கிய சிப்பி. அளவு வாரியாக அடுக்குவது, வரிவரியானது தனி, வழவழப்பானது தனி என்று பிரிப்பது, பத்து வரை எண்ணுவது எல்லாமே சிப்பியில் நடக்கும். கழுவிக் காயவைத்து, விளிம்பு கீறாததாக எடுங்கள். வாய்க்குள் அடங்குகிற அளவானால் இரண்டு வயதுக்காரர் கைக்கு எட்டக் கூடாது. அவர்களைத் தனிப் பாயில், ஆயா பக்கத்தில் உட்காரவையுங்கள்.

சாயங்காலம் அழைத்துப்போக வரும் பாட்டியிடம், "இன்னைக்கு உங்க பேத்தி ஏழு வரைக்கும் எண்ணினா" என்று சொல்லி அனுப்புங்கள். ஃபீஸ் கட்டலாமா என்ற பேச்சு வீட்டில் வரும்போது பாட்டி அதை எடுத்துச் சொல்வார்.