தேன்சிட்டைக் கவ்வி வந்த பூனை: அடைத்து வைப்பதா, விட்டுவிடுவதா?

வெள்ளைமீசை:
எங்கள் பூனைக்குக் கருத்தடை ஆகிவிட்டது. வேளாவேளைக்குச் சாப்பாடு, படுக்க மெத்தை எல்லாம் உண்டு. ஆனாலும் விடிகாலையில் வெளியே போனால் எதையாவது கவ்விக்கொண்டுதான் திரும்புகிறது. பல்லி, அரணை, சுண்டெலி என்றிருந்தது, இப்போது ஒரு தேன்சிட்டு. சமையலறை வாசலில் போட்டுவிட்டு, நான் வந்து பார்க்கும்வரை கத்துகிறது. பக்கத்து வீட்டுக்காரர், "அடைத்து வையுங்கள், இல்லையென்றால் வளர்க்காதீர்கள்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்கிறோம். பூனை மட்டும் திருந்திவிட வேண்டுமா?

கரிச்சான்:
புலிக்கு யாரும் தடுப்பூசி போட்டு, கிண்ணத்தில் தீனி வைத்து, மெத்தையில் தூங்கவைத்து வேட்டைக்கு அனுப்புவதில்லையே அக்கா. காட்டில் இரை குறைந்தால் வேட்டை மிருகமும் குறையும். வீட்டுப் பூனைக்கு அந்தக் கடிவாளம் கிடையாது. தோட்டத்தின் கடைசித் தேன்சிட்டைப் பிடித்த பிறகும் அதற்கு இரவுச் சாப்பாடு தயாராக இருக்கும்.

நியூசிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவில் பறக்க முடியாத ஒரு சின்னஞ்சிறு பறவை இருந்தது. 1890களில் அங்கே கலங்கரை விளக்கம் கட்டினார்கள், கூடவே பூனையும் போய்ச் சேர்ந்தது. சில ஆண்டுகளில் பறவை இனமே போய்விட்டது. பூனைகளுக்குப் பங்கு உண்டு என்று 2016இல் வந்த ஓர் ஆய்வு சொல்லும் அழிவுகள் மொத்தம் 63: பறவை, பாலூட்டி, ஊர்வன இனங்கள் சேர்த்து.

அரைத்தூக்கம்:
ஆரம்பித்துவிட்டீர்களா! அந்த 63இல் பெரும்பாலானவை தீவு இனங்கள். பூனையையே பார்த்திராத பறவைகள் அவை. மற்ற இடங்களில் பறவைகள் பூனை, கீரி, பாம்பு, காக்கை என்று எல்லாவற்றோடும் மல்லுக்கட்டியே பிழைத்து வந்திருக்கின்றன. பிரிட்டனின் பறவைப் பாதுகாப்புச் சங்கமே, தோட்டத்துப் பூனைகளால் நாடு முழுவதும் பறவைகள் குறைந்துவிட்டன என்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை என்றுதான் சொல்லி வந்திருக்கிறது. மரத்தை வெட்டுகிறோம், பூச்சிமருந்து அடிக்கிறோம், சுவர் முழுக்கக் கண்ணாடி பதிக்கிறோம். அமெரிக்காவில் கட்டடங்களில் மோதிச் சாகும் பறவைகள் மட்டும் ஆண்டுக்கு 36 கோடியிலிருந்து கிட்டத்தட்ட 100 கோடி வரை. அதைக் கேட்க ஆளில்லை, பழி மட்டும் பூனை தலையில்.

கரிச்சான்:
கண்ணாடிக் கணக்கை நீங்களே எடுத்தது நல்லதாகப் போயிற்று. அதே நாட்டில் 2013இல் வந்த பூனைக் கணக்கையும் பாருங்கள். பறவைகள் 130 கோடி முதல் 400 கோடி வரை, சிறு பாலூட்டிகள் 630 கோடிக்கும் மேல். உங்கள் உச்சக் கணக்கைவிட இதன் அடிமட்டக் கணக்கே பெரிது.

அரைத்தூக்கம்:
அந்த ஆய்வின் மறுபாதியை விழுங்கிவிட்டீர்களே! பறவைச் சாவுகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, ஆளில்லாத தெருப்பூனைகளால். வெள்ளைமீசை அக்காவின் பூனை மேல் ஏன் வழக்குப் போடுகிறீர்கள்?

கரிச்சான்:
அந்த அடிமட்டக் கணக்கில்கூட மீதி ஒரு பங்கே 40 கோடி வருகிறது. அப்புறம், அந்தத் தெருப்பூனைகள் வானத்திலிருந்தா குதித்தன? கருத்தடை செய்யாமல் ஊர்சுற்ற விட்ட வீட்டுப் பூனைகளின் வாரிசுகளும், குட்டியாக இருக்கும்போது கொஞ்சிவிட்டு வளர்ந்ததும் விரட்டப்பட்டவையும்தானே. அக்கா கருத்தடை செய்திருக்கிறார், அதற்கு என் வணக்கம். ஆனால் அதனால் குட்டிதான் நிற்கும், வேட்டை நிற்காது.

வெள்ளைமீசை:
சண்டை போடாதீர்கள். நானும் ஒன்று சொல்கிறேன். இது வந்த பிறகு வீட்டில் எலி இல்லை. அதையும் கணக்கில் சேருங்கள்.

கரிச்சான்:
சுண்டெலி என்றால் ஒப்புக்கொள்கிறேன். பெருச்சாளி, சாக்கடை எலி விஷயத்தில் பூனையின் புகழ் கொஞ்சம் ஊதிப்போனது. நியூயார்க்கில் ஒரு குப்பைக் கிடங்கில் கேமரா வைத்துப் பார்த்தார்கள். இரண்டரை மாதத்துக்கு மேல் பதிவு செய்ததில் பூனைகள் கொன்ற எலிகள் இரண்டே இரண்டு. பூனை இருந்த நாட்களில் எலிகள் பதுங்கிக்கொண்டன, அவ்வளவுதான். நாம் எலி ஒழிந்தது என்று நினைத்துக்கொள்கிறோம்.

ஊசிமருந்து:
கால்நடை மருத்துவமனையில் உதவியாளராக இருக்கிறேன். இரண்டு பக்கமும் விட்டுவிட்ட சங்கதி ஒன்று. பூனை வாயிலிருந்து பிடுங்கிய பறவையைக் கொண்டுவந்து "ஒன்றும் ஆகவில்லை, பயந்துதான் போயிருக்கிறது" என்பார்கள். நெஞ்சுப் பக்கத்து இறகை வாயால் ஊதி விலக்கினால் தோலில் ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளி தெரியும், சுற்றிலும் லேசான நீலம். ரத்தம்கூட வராது. ஆனால் பூனையின் எச்சிலில் பாஸ்டுரெல்லா என்ற கிருமி உண்டு. நுண்ணுயிர்க்கொல்லி மருந்து உடனே கொடுக்காவிட்டால், ஓரிரு நாளில் பறவை செத்துவிடும். காப்பாற்றிப் பறக்கவிட்டோம் என்று நாம் மகிழ்பவற்றில் பல அப்படித்தான் போகின்றன.

மறுபக்கமும் உண்டு. வெளியே திரியும் பூனைகள் வண்டியில் அடிபட்டு வருகின்றன, கடிபட்ட இடத்தில் சீழ்க்கட்டியோடு வருகின்றன, எலி மருந்து தின்ற எலியைத் தின்று உள்ளுக்குள் ரத்தம் கசிந்து வருகின்றன. பறவைக்காக இல்லாவிட்டாலும் பூனைக்காகவாவது யோசிக்கலாம்.

அரைத்தூக்கம்:
அடைத்து வைத்த பூனை கொழுத்துப்போய் வரும், சலிப்பில் திரைச்சீலையைக் கிழிக்கும், கண்ட இடத்தில் மூத்திரம் அடிக்கும். அதையும் பார்த்திருப்பீர்களே, ஊசிமருந்து?

ஊசிமருந்து:
பார்த்திருக்கிறேன். வெறும் நான்கு சுவருக்குள் பூட்டினால் அப்படித்தான் ஆகும். ஏறி உட்கார உயரமான தட்டு, எட்டிப் பார்க்க ஜன்னல், கூடவே விளையாட ஓர் ஆள் வேண்டும். முழுசாக அடைக்க மனமில்லை என்றால் வேறு வழிகளும் உண்டு. 2021இல் இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தார் வீட்டுப் பூனைகளிடம் சோதித்துப் பார்த்தார்கள். தானியம் கலக்காத, இறைச்சிப் புரதம் அதிகமுள்ள உணவு கொடுத்தபோது வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 சதவீதம் குறைந்தது. நாள்தோறும் ஐந்து, பத்து நிமிடம் இறகுக் குச்சியை வைத்து விளையாட்டுக் காட்டியதில் 25 சதவீதம். கழுத்துப்பட்டை மேல் பளிச்சென்ற நிறத்தில் துணி உறை மாட்டியபோது பறவைகள் 42 சதவீதம் குறைந்தன, பறவைக்குப் பூனை முன்கூட்டியே கண்ணில் படுகிறது. எல்லாரும் கட்டும் மணியால் பெரிய மாற்றம் தெரியவில்லை. உருட்டினால் தீனி விழும் புதிர்க் கிண்ணம் கொடுத்த பூனைகள் முன்னைவிட அதிகமாகவே பிடித்தன!

கரிச்சான்:
நல்ல தகவல். ஒரு திருத்தம் மட்டும்: அது வீட்டுக்குக் கொண்டுவந்ததன் கணக்கு. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் பூனைகளின் கழுத்தில் கேமரா மாட்டிப் பார்த்ததில், பிடித்ததில் கால்வாசி அளவுக்குக்கூட வீடு வந்து சேரவில்லை. பாதியைப் பிடித்த இடத்திலேயே போட்டுவிட்டுப் போயின. அக்கா வாசலில் பார்ப்பது அவ்வளவுதான்.

அரைத்தூக்கம்:
அதே கேமராவில் பாதிக்கு மேற்பட்ட பூனைகள் வேட்டையே ஆடவில்லை என்பதையும் சொல்லுங்களேன். எல்லாப் பூனைக்கும் ஒரே தண்டனை என்றால் எப்படி? 2022இல் ஜெர்மனியில் வால்டார்ஃப் என்ற ஊரில் வசந்தம் முதல் ஆகஸ்ட் வரை பூனைகளை வெளியே விடவே கூடாது என்று உத்தரவு போட்டார்கள். ஒரு வானம்பாடிக்காக!

கரிச்சான்:
தரையில் கூடு கட்டும் கொண்டை வானம்பாடி அது, அங்கே விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மிச்சம். குஞ்சு பறக்கப் பழகும் சில வாரத்தில் அதைத் தீர்த்துக்கட்ட ஒரு பூனை போதும். எனக்கு அந்த உத்தரவு நியாயமாகவே படுகிறது.

வெள்ளைமீசை:
அந்தத் துணி உறையை என் பூனை அரை மணியில் பிய்த்துவிடும்.

ஊசிமருந்து:
முதலில் வெறும் பட்டை, சில நாள் கழித்து உறை. இழுத்தால் தானே கழன்றுகொள்ளும் கொக்கி உள்ள பட்டைதான் வாங்க வேண்டும், கிளையில் மாட்டினால் கழுத்து இறுகாது. ஆனால் அந்த உறை பறவைகளுக்குத்தான் அதிகம் உதவும். எலிக்கு நிறம் எச்சரிக்கை ஆகாது.

வெள்ளைமீசை:
சரி, சாப்பாட்டையும் விளையாட்டையும் மாற்றிப் பார்க்கிறேன். விடிகாலையிலும் அந்தியிலும் கதவைச் சாத்திவிடுகிறேன், அதன் வேட்டை எல்லாம் அப்போதுதான்.

கரிச்சான்:
கூடு கட்டும் மாதங்களில் முழு நாளும் உள்ளே வைத்தால் இன்னும் நல்லது.

வெள்ளைமீசை:
அந்த மாதங்களுக்குச் சரி. வருஷம் முழுக்க என்றால், கதவுக்குப் பின்னால் அது போடும் ஓலத்தை நீங்கள் வந்து கேளுங்கள் தம்பி.