பேட்மேனின் மனக்குரல் எங்கே போனது? அனிமேஷன் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். எங்கள் திரைப்படக் குழுவில் அடுத்த மாதம் நான் பேச வேண்டும். எடுத்துக்கொண்டது ஃபிராங்க் மில்லரின் 'தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்'. 1986-ல் நான்கு இதழ்களாக வந்த காமிக்ஸ், ஜே ஒலிவா இயக்கத்தில் 2012, 2013-ல் இரண்டு பாக அனிமேஷன் படமாக வந்தது.

சிக்கல் இதுதான். காமிக்ஸில் பாதி உயிர் பேட்மேனான புரூஸ் வேய்னின் மனக்குரலில்தான் இருக்கிறது. முதுகு வலிக்கும் ஐம்பத்தைந்து வயதுக்காரர் அடிவாங்கிக்கொண்டே தனக்குள் முனகும் வரிகள். படத்தில் அவற்றைத் தூக்கிவிட்டார்கள். பீட்டர் வெல்லரின் குரல் நன்றாகவே இருக்கிறது, ஆனாலும் எனக்கு ஏதோ குறைகிறது. இத்தனைக்கும் 2011-ல் வந்த 'பேட்மேன்: இயர் ஒன்' அனிமேஷன் படத்தில் போலீஸ் அதிகாரி கார்டன், புரூஸ் இருவரின் மனக்குரலும் இருக்கிறதே! அப்புறம் இதில் மட்டும் ஏன் விட்டார்கள்? இயக்குநரோ எழுத்தாளரோ இது பற்றிப் பேசிய பேட்டி யார் கண்ணிலாவது பட்டிருந்தால் சுட்டி தாருங்கள்.

இன்னொன்று, ஸ்டோரிபோர்டு (காட்சிகளை முன்கூட்டியே படம் படமாக வரைந்து வைப்பது) வேலை தெரிந்தவர்களுக்கு. மில்லர் ஒரு பக்கத்தைப் பதினாறு சின்னக் கட்டங்களாகப் பிரிப்பார். புரூஸின் தாயின் முத்துமாலை அறுந்து சிதறும் அந்தப் பக்கங்களில், எந்தக் கட்டத்தில் எவ்வளவு நேரம் நிற்பது என்பது வாசகர் கையில். படத்தில் அதை முடிவு செய்வது யார்? முதல் ஸ்டோரிபோர்டிலேயே நேரத்தைக் குறித்துவிடுவார்களா, பிறகு எடிட்டிங்கில் பார்த்துக்கொள்வார்களா?

பாடப்புத்தக விளக்கம் வேண்டாம், செய்து பார்த்தவர்கள் சொன்னால் போதும். தமிழில் எழுதினால் அப்படியே வாசித்துக் காட்டுவேன், உங்கள் பெயரோடு.