பழ வில்லைத் தோரணம் கட்டியவர்களே, உங்களுக்கு என்ன நடந்தது?

நூல்கண்டு:
ஆரஞ்சு வில்லை, நடுநடுவே பட்டை, அன்னாசிப்பூ, சணல் கயிறு. வழக்கமான தோரணம்தான்: வட்ட வட்டமாக வெட்டிய பழத்தை ஓவனில் காயவைத்துக் கயிற்றில் கோர்த்து அலங்காரமாகத் தொங்கவிடுவது. ஓவனிலிருந்து எடுத்து ஆறவைத்தபோது தட்டினால் சத்தம் கேட்கும் அளவுக்குக் காய்ந்திருந்தது. ஜன்னலில் கட்டினேன், வெயில் பின்னாலிருந்து விழும்போது சுளைகளின் நரம்பெல்லாம் தெரியும்.

அப்புறம் விடாத மழை. ஒரு காலையில் ஜன்னல் திண்டில் கிடந்த புத்தகத்தை எடுத்தால் அட்டை விரலோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. மேலே பார்த்தேன். வில்லையின் கீழ் விளிம்பில் பழுப்பாக ஒரு துளி, விழுவதா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. தொட்டால் பாகு! கல் மாதிரி காய்ந்த பழம் எப்படி மறுபடி சாறு விடும்? யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

காகிதப்பூ:
மழையைக் குறை சொல்லாதீர்கள். சாறு வெளியே வந்தது என்றால் உள்ளே சாறு இருந்திருக்கிறது, அவ்வளவுதான். தட்டினால் சத்தம் வருவது தோல். நடுவில் சுளைகள் கூடும் இடம்தான் கடைசியாகக் காயும்.

என் தங்கை கட்டித் தந்த மாலையில் ஒரே ஒரு வில்லை மட்டும் தடிமன். அதன் நட்டநடுவில் சாம்பல் கலந்த பச்சையில் பூஞ்சணம், வட்டமாக. தோல் பளபளவென்று அப்படியே இருந்தது. இரண்டு பக்கத்து வில்லைகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதனால்தான் சொல்கிறேன்.

சரி, இனிமேல் செய்பவர்களுக்கு. வில்லை 5 அல்லது 6 மில்லிமீட்டர் கனம் இருக்கட்டும். அதைவிட மெலிந்தால் சுருண்டு கிழியும், தடித்தால் மேலே சொன்ன கதைதான். எல்லாம் ஒரே கனம் என்பது முக்கியம், ஏனென்றால் தட்டை ஒரே நேரத்தில்தான் வெளியே எடுக்கப்போகிறீர்கள். துணியில் வைத்து இரண்டு பக்கமும் ஒற்றி ஈரத்தை எடுங்கள். தகட்டில் பரப்பாமல் கம்பி வலைத் தட்டில் பரப்பினால் அடியிலும் காற்று போகும். 90 முதல் 100 டிகிரி செல்சியஸ், 3 முதல் 5 மணி நேரம், மணிக்கு ஒருமுறை திருப்பிப் போடுங்கள். ஓவன் கதவை நடுநடுவே திறந்து ஆவியை வெளியே விடுங்கள். சூடாக இருக்கும்போது சோதிக்கவே கூடாது. சர்க்கரை இளகியிருப்பதால் நன்றாகக் காய்ந்த வில்லைகூட வளையும். நூல் கோர்க்கும் ஓட்டையைக் காய்வதற்கு முன்பே போட்டுவிடுங்கள், தோலை ஒட்டிய வெள்ளைப் பகுதியில். சுளையில் போட்டால் சொந்தக் கனத்திலேயே கிழிந்து விழும். மைக்ரோவேவ் பக்கம் போகாதீர்கள், சூடு சமமாகப் பரவாது, ஒரு இடம் கருகும்போது இன்னொரு இடம் ஈரமாகவே இருக்கும்.

மொட்டைமாடி:
காகிதப்பூ, பாதி சரி. ஆனால் நூல்கண்டு சொல்வதும் நடக்கும். பழச்சர்க்கரை காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். எலும்பாகக் காய்ந்த வில்லையும் ஈரக்காற்றில் நாள்கணக்கில் தொங்கினால் பிசுபிசுத்துவிடும்.

நான் கண்ணால் பார்த்தது இது. ஒரே தட்டில், ஒரே சூட்டில் காய்ந்தவை. பாதியைச் சமையலறையில் கட்டினேன், மீதியைப் படுக்கையறையில். சமையலறையில் இருந்தவை எல்லாம் தோளைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றன. படுக்கையறையில் இருந்ததை எடுத்து ஒடித்தேன், படக்கென்று இரண்டாக உடைந்தது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்? தளர்ந்தவற்றைக் குறைந்த சூட்டில் திரும்ப ஓவனில் வைத்து எடுத்தேன், ஆறியதும் விறைத்துக்கொண்டன. ஆவி வரும் இடத்தில் கட்டாமல் இருந்தால் போதும்.

அவசரத்தில் சூட்டை ஏற்றாதீர்கள், அது தனி வம்பு. பழத்தின் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சேர்ந்து பழுப்பாகிவிடும், வில்லையின் வழியே வெளிச்சம் வராது. பச்சை எலுமிச்சையில் மட்டும் நிறத்தை எதிர்பார்க்காதீர்கள். சூடும் புளிப்பும் சேர்ந்தால் பச்சையம் நிற்காது, காக்கி நிறத்தில்தான் வரும். ஆப்பிளுக்கு எலுமிச்சைச் சாற்றில் முக்கி எடுத்தால் ஓரளவு வெளுப்பாக இருக்கும்.

பூனைவால்:
நீங்கள் ஈரத்துக்குச் சண்டை போடுகிறீர்கள். எங்கள் வீட்டில் நடந்தது வேறு.

தோரணம் தாழ்வாகத் தொங்கியது. புளிப்பு வாசனைக்குப் பூனை கிட்டே வராது என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். வில்லையை அது தொடவேயில்லை, உண்மைதான். நான் அறைக்குள் வந்தபோது நாற்காலியின் மேல் உட்கார்ந்திருக்கிறது, வாயோரத்தில் நூல். மீதி தொண்டைக்குள். இழுக்கக் கை போய்விட்டது. கணவர் பிடித்து நிறுத்தினார். மருத்துவரும் அதையேதான் சொன்னார்: இழுக்கக் கூடாது, உள்ளே எங்காவது மாட்டியிருந்தால் நூல் குடலை அறுத்துவிடும். அறுவை சிகிச்சை செய்துதான் எடுத்தார்கள். பூனை இப்போது நலம். எனக்குத்தான் இன்னும் நூல்கண்டைப் பார்த்தாலே வயிற்றைப் பிசைகிறது. (உங்களைச் சொல்லவில்லை, நூல்கண்டு.)

சணல்பை:
புழு பற்றி யாருமே பேசவில்லையே? பழையதை எடுத்துக் கட்டலாம் என்று அட்டைப்பெட்டியைத் திறந்தேன். வில்லைகளுக்கு நடுவே மெல்லிய வலை. அதன்மேல் வெளிர் நிறத்தில், பழுப்புத் தலையோடு ஒரு புழு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிதானமாக என் கைப்பக்கம் ஏறி வருகிறது. அந்துப்பூச்சியின் புழு. அதே பெட்டியில் இருந்த பட்டையையும் கிராம்பையும் அது சீண்டவில்லை, ஆப்பிளை மட்டும் ஓட்டை ஓட்டையாக்கி வைத்திருந்தது.

இப்போதெல்லாம் கழற்றியதும் காற்றுப்புகாத பையில் போட்டு உறைபெட்டியில், மைனஸ் 18 டிகிரியில், 4 நாள் வைத்துவிடுகிறேன். முட்டையும் புழுவும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள், இல்லாவிட்டால் வில்லையின் மேலேயே நீர் கோர்த்துக்கொள்ளும். பிறகு ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில். அட்டைப்பெட்டி ஆகவே ஆகாது.

வார்னிஷ் அடித்தால் புழு வராது என்கிறார்களே, யாராவது செய்து பார்த்தீர்களா?

காகிதப்பூ:
வார்னிஷ் வேண்டாம் சணல்பை. உள்ளே மிச்சம் ஈரம் இருந்தால் அதை வெளியே போக விடாமல் மூடிவிடும், பூஞ்சணம் உள்ளிருந்தே கிளம்பும். வாசனையும் போய்விடும். வாசனை இல்லாத ஆரஞ்சுக்கு பிளாஸ்டிக் வாங்கித் தொங்கவிடலாம்.

மொட்டைமாடி, ஒரே தட்டு என்கிறீர்கள். ஒரே கனமா?

மொட்டைமாடி:
ஒரே கனம்தான். ஸ்லைசரில் வெட்டியவை.

விதைப்பெட்டி:
முழு மாதுளையைக் காயவைத்தவர்கள் உண்டா? வில்லை இல்லை, முழுசாக. வாரக்கணக்கில் ஆகும். அத்தை இரண்டை அலமாரி மேல் வைத்திருந்தார். இரண்டும் ஒரே மாதிரி சுருங்கி, தோல் மரம்போல் ஆகிவிட்டன. ஒன்றைக் குலுக்கினால் விதைகள் கலகலவென்றன. மற்றது ஊமை. காய்ந்துவிட்டது, இதையும் கட்டு என்று கையில் கொடுத்தார். கையில் வாங்கும்போதே கனம் தெரிந்தது. மேசைமேல் வைத்துக் கத்தியை இறக்கினேன். கறுப்புக் கூழ், புளித்த வாடை, அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறக்க ஓடினார். தலைக்கு மேலே தொங்கவிட்டிருந்தால்?

மொட்டைமாடி:
அதற்குத்தான் தராசு. வாரம் ஒருமுறை எடை போடுங்கள். எடை இறங்குவது நின்றால் காய்ந்துவிட்டது. இறங்குவது நின்றும் கையில் கனம் தெரிந்தால் அதைக் கட்டாதீர்கள். அடியில் சின்னதாக ஓட்டை போட்டு வைத்தால் உள்ளே காற்று போய் சீக்கிரம் காயும். வில்லைக்கும் தராசுதான் வழி, காகிதப்பூ. தட்டிப் பார்த்துச் சண்டை போடத் தேவையில்லை.

காகிதப்பூ:
சமையலறைத் தராசு 1 கிராமுக்குக் கீழே காட்டாது. ஒற்றை வில்லையை அதில் வைத்து என்ன தெரியும்? ஒரு தட்டு வில்லையை மொத்தமாகப் போட வேண்டும், அதையாவது சேர்த்துச் சொல்லுங்கள்.