உதவி தேவை: சிஜே-7 ஜீப், செரோக்கி 4.0 இன்ஜின், பழைய டி-176 கியர்பாக்ஸ். கிராங்க் சென்சாரை எங்கே மாட்டுவது?

சார்ஜா_பட்டறை:
வணக்கம். சார்ஜாவில் ஒரு வாடிக்கையாளரின் 1983 சிஜே-7 ஜீப்பில் வேலை நடக்கிறது. பழைய 4.2 லிட்டர் கார்புரேட்டர் இன்ஜினை எடுத்துவிட்டு, 1994 செரோக்கி ஆட்டோமேட்டிக் வண்டியின் 4.0 இன்ஜினைக் கம்ப்யூட்டர், ஒயரிங்கோடு வைத்திருக்கிறோம். டி-176 கியர்பாக்ஸும் பெல்ஹவுசிங்கும் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடு) ஜீப்பினுடையவை. போல்ட் எல்லாம் அப்படியே உட்கார்ந்தது. ஆனால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, ஸ்பார்க் இல்லை, இன்ஜெக்டரும் அடிக்கவில்லை. சாவி போட்டதும் பம்ப் ஓரிரு விநாடி ஓடி நின்றுவிடுகிறது. செரோக்கியில் கிராங்க் சென்சார் (கிராங்க் ஷாஃப்ட் எந்த நிலையில் இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது) பெல்ஹவுசிங்கில் இருந்தது. இந்தப் பெல்ஹவுசிங்கில் அதற்குத் துளையே இல்லை, சென்சார் இப்போது சும்மா தொங்குகிறது. கையால் துளை போட்டு மாட்டினால் போதுமா?

கோவை_லேத்:
அண்ணே, சாவியை ஆன்-ஆஃப், ஆன்-ஆஃப், ஆன் என்று வேகமாகப் போட்டு, செக் இன்ஜின் விளக்கு எத்தனை தடவை மின்னுகிறது என்று பாருங்கள், அதுதான் கோளாறு கோடு. அப்புறம் இன்னொன்று, உள்ளே எந்த ஃப்ளைவீல் (கிராங்கின் பின்முனையில் சுற்றும் கனமான சக்கரம்) போட்டிருக்கிறீர்கள்?

சார்ஜா_பட்டறை:
12, 11, 55 (55 என்றால் கோடு முடிந்தது). பேட்டரி கழற்றியிருந்ததால் 12 வந்திருக்கும். கிளட்ச் வேண்டும் என்பதால் ஃப்ளைவீல் பழைய 4.2-இனுடையது.

கோவை_லேத்:
அப்போ துளை போட்டாலும் வண்டி ஓடாது அண்ணே. 11 என்றால் ஸ்டார்ட்டர் சுற்றும்போது கம்ப்யூட்டருக்குக் கிராங்க் சிக்னல் வரவில்லை என்று அர்த்தம். அந்தச் சிக்னல் இல்லாவிட்டால் அது பம்பையும் இக்னிஷனையும் தானே அணைத்துவிடும். உங்களுக்கு இரண்டு குறை இருக்கிறது. சென்சாருக்கு இடமும் இல்லை, அது படிக்க வேண்டிய ஸ்லாட்டும் (ஃப்ளைவீலில் போட்ட வெட்டு) இல்லை.

4.0 ஃப்ளைவீலில் மொத்தம் 12 ஸ்லாட். நான்கு நான்காக மூன்று கூட்டம், கூட்டத்துக்குக் கூட்டம் 120 டிகிரி. ஒரு கூட்டத்துக்குள் ஸ்லாட்டுக்கு ஸ்லாட் 20 டிகிரி. நான்காவது ஸ்லாட்டின் பின் விளிம்பு சென்சாரைத் தாண்டும்போது, அந்தக் கூட்டத்துக்குரிய ஜோடி பிஸ்டன்கள் மேல் உச்சிக்கு 4 டிகிரி முன்னால் இருக்கும். கம்ப்யூட்டர் போடும் கணக்கெல்லாம் இதை வைத்துத்தான். 4.2-இல் ஸ்பார்க் டைமிங் டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்தே (பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்துக் கொடுப்பது) வந்ததால் அதன் ஃப்ளைவீல் ஸ்லாட் இல்லாமல் வழவழவென்று இருக்கும்.

மதுரை_ஆஃப்ரோடு:
சென்சார் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிச் சரிசெய்ய முடியாதா ப்ரோ?

கோவை_லேத்:
முடியாது. 4.0-இல் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினால் உள்ளே சுற்றும் ரோட்டர் நிற்கும் இடமும், எந்தச் சிலிண்டரின் முறை என்று சொல்லும் கேம் சிக்னலும்தான் நகரும். ஸ்பார்க் டைமிங் முழுக்க கிராங்க் சென்சார் கையில். அதனால்தான் கைத் துளை வேண்டாம் என்கிறேன். சென்சார் படிக்கும் வட்டத்தின் ஆரம் சுமார் 150 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், 2.6 மி.மீ. நகர்ந்தாலே ஒரு டிகிரி. கை டிரில்லில் 5 மி.மீ. ஓடிவிட்டால் டைமிங் இரண்டு டிகிரி தப்பு, அதைத் திருத்த எந்த ஸ்க்ரூவும் கிடையாது.

சார்ஜா_பட்டறை:
கழற்றிய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் இங்கேயேதான் கிடக்கிறது. அதிலிருந்து அளவு எடுக்கலாமா? பழைய ஃப்ளைவீலிலேயே மில்லிங்கில் ஸ்லாட் வெட்டிவிட்டால்?

கோவை_லேத்:
இரண்டும் வேண்டாம். ஆட்டோமேட்டிக்கில் ஃப்ளைவீலுக்குப் பதில் இருப்பது மெல்லிய ஃப்ளெக்ஸ்பிளேட், உங்களுக்கு வேண்டியது கனமான ஃப்ளைவீல். இரண்டிலும் ஸ்லாட் சென்சாரிலிருந்து ஒரே ஆழத்தில் வரும் என்று நம்பி வேலை செய்ய முடியாது. ஃப்ளைவீலில் ஸ்லாட் வெட்ட, கோணம் பிரித்துத் திருப்பும் இண்டெக்சிங் ஹெட் இருந்தால் முடியும்தான். ஆனால் முதல் சிலிண்டரின் உச்சியோடு பொருத்தி வெட்ட வேண்டும், அப்புறம் பேலன்ஸ் பார்க்க வேண்டும். டிரைவரின் காலுக்குப் பக்கத்தில் வேகமாகச் சுற்றுகிற வார்ப்பிரும்பு அது. அதில் புதிதாக 12 வெட்டு போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

1991-95 ராங்ளர் 4.0 மேனுவல் வண்டியின் ஃப்ளைவீலும் பெல்ஹவுசிங்கும் தேடுங்கள். அந்தப் பெல்ஹவுசிங் டி-176-இல் பொருந்தாது, அது அளவு எடுக்க மட்டும். இன்ஜின் பிளாக்கில் இடம் பிசகாமல் பிடிக்கும் இரண்டு டவல் பின்கள் இரண்டு பெல்ஹவுசிங்குக்கும் பொது. ஒரு தகட்டில் அந்தப் பின்களுக்கான இரண்டு துளைகளை இறுக்கமாகப் போட்டு, ராங்ளர் பெல்ஹவுசிங்கிலிருந்து சென்சார் துளை, போல்ட் துளை இரண்டையும் அதில் எடுத்து, உங்கள் பெல்ஹவுசிங்கில் குறியுங்கள். சென்சார் உட்காரும் முகத்திலிருந்து ஃப்ளைவீல் வரை ஆழத்தையும் அளந்து வையுங்கள். இந்தச் சென்சாரில் இடைவெளியைக் கூட்டிக் குறைக்க வழியில்லை, முகம் எங்கே மில் ஆகிறதோ அதுதான் இடைவெளி.

துபாய்_4x4:
பெல்ஹவுசிங்கைத் தொடவே விருப்பமில்லை என்றால் இன்னொரு வழி. கிராங்கின் முன்முனையில் மாட்டும், ஸ்லாட் போட்ட பேலன்சரும் சென்சார் பிராக்கெட்டும் சேர்ந்த கிட் அமெரிக்காவில் கிடைக்கிறது. அதைப் போட்டால் ஃப்ளைவீல் எதுவாக இருந்தாலும் கவலையில்லை. செலவு அதிகம். சேறு, தண்ணீரில் இறங்கும் வண்டியானால் சென்சாருக்கு நல்ல மறைப்பு போடுங்கள்.

சார்ஜா_பட்டறை:
ஸ்கிராப் யார்டில் ராங்ளர் ஃப்ளைவீல், பெல்ஹவுசிங் இரண்டும் கிடைத்தன. தகடு வெட்டிக் குறித்து, மெஷின் ஷாப்பில் மில் செய்தாயிற்று. பிஸ்டன் ஸ்டாப் (பிஸ்டனைத் தடுத்து நிறுத்தும் கருவி) போட்டு உச்சி கண்டுபிடித்து, துளை வழியே பார்த்தேன். நான்காவது ஸ்லாட் நீங்கள் சொன்ன இடத்தில்தான் நிற்கிறது. கோடு 11 போய்விட்டது, இன்ஜின் ஸ்டார்ட் ஆகி ஐடிலில் நிற்கிறது. ரொம்ப நன்றி தம்பி. ஒயரை எந்தப் பக்கமாகக் கொண்டுபோவது?

கோவை_லேத்:
சந்தோஷம் அண்ணே! 4.0-இல் எக்ஸாஸ்ட் இடது பக்கம், சென்சாரும் அதே பக்கம். ஒயர் கீழே தொங்கினால் பைப் சூட்டில் உருகிவிடும். பெல்ஹவுசிங் மேலாக ஏற்றி, ஃபயர்வால் ஓரமாகக் கிளிப் போடுங்கள். ஸ்பார்க் பிளக் ஒயரோடு சேர்த்துக் கட்ட வேண்டாம். சென்சாரைச் சந்தேகப்பட்டால் ஓம் மீட்டரில் காயில் மாதிரி பார்க்காதீர்கள், இது காந்தப்புலத்தை உணரும் மூன்று ஒயர் ஹால் சென்சார். ஸ்டார்ட்டர் சுற்றும்போது சிக்னல் ஒயரில் வோல்ட் ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள்.