ஆயிரம் கடிதம் வந்தால் ஆயிரம் பேர் என்று இனி நம்பலாமா?

பழைய கோப்பு:
வரைவுச் சட்டங்கள் பற்றிப் பொதுமக்கள் அனுப்பும் கருத்துகளைப் படித்துத் தொகுக்கும் அரசு வேலை எனக்கு, பதினோரு வருடமாக. முன்பெல்லாம் நூறு கடிதம் வந்தால் எண்பது ஒரே அச்சு. ஏதோ ஒரு அமைப்பு கொடுத்த மாதிரியில் பெயரை மட்டும் மாற்றியிருப்பார்கள். முதல் வரியிலேயே தெரிந்துவிடும், ஒரே கட்டாகக் கட்டி வைத்துவிடுவேன். மீதி இருபதில்தான் விஷயம் இருக்கும்: எழுத்துப்பிழை, முடியாத வாக்கியம், சம்பந்தமில்லாத குடும்பக் கதை, நடுவில் சட்டம் வரைந்தவர்களுக்கே தோன்றாத ஒரு ஓட்டை. இப்போது நூறும் நூறு விதமாக, பிழையே இல்லாமல் வருகின்றன. எது ஆள், எது செயற்கை நுண்ணறிவு என்று பிடிபடவில்லை. நீங்களாக இருந்தால் எப்படிப் பிரிப்பீர்கள்?

கணக்கன்:
அந்த ஆசையை விட்டுவிடுங்கள். 2017இல் அமெரிக்காவில் நெட் நியூட்ராலிட்டி (இணைய நிறுவனங்கள் எல்லாத் தளங்களையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்பது) விதிகளை நீக்குவது பற்றி எஃப்சிசி என்ற தொலைத்தொடர்பு ஆணையம் கருத்துக் கேட்டபோது 2.2 கோடிக்கு மேல் வந்தன. அதில் ஏறக்குறைய 1.8 கோடி போலி என்று நியூயார்க் மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் 2021இல் அறிக்கை வெளியிட்டார். 77 லட்சம் ஒரே ஆள் வேலை, 19 வயதுக் கல்லூரி மாணவர்! இத்தனைக்கும் அப்போது சாட்ஜிபிடி கிடையாது.

2019இல் அமெரிக்காவின் இடாஹோ மாநில மெடிகெய்ட் (ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) மாற்றம் குறித்து இன்னொரு மாணவர், சாட்ஜிபிடிக்கு முந்தைய ஜிபிடி-2 என்ற எழுதும் மென்பொருளை வைத்து 1001 கருத்துகள் அனுப்பிப் பார்த்தார். வந்த மொத்தத்தில் பாதிக்கு மேல் அவைதான். பிறகு அவரே சொல்லித் திரும்பப் பெற்றார். அவற்றைச் சிலரிடம் காட்டிக் கேட்டால், அவர்கள் கணிப்பும் காசு சுண்டிப் பார்ப்பதும் ஒன்றாகவே இருந்தன.

மலர்:
பிழையில்லாமல் எழுதினால் ஆள் இல்லையா, ஐயா? என் அம்மா நான்காம் வகுப்போடு நின்றவர். ஓய்வூதியம் நின்றுபோனபோது அவர் சொல்லச் சொல்ல ஒரு செயலிதான் மனுவாக்கித் தந்தது. முன்பு காசு கொடுத்து எழுதி வாங்குவோம். உங்கள் மேசையில் அதுவும் போலிக் கட்டுக்குத்தான் போயிருக்கும்.

நடுவழி:
தைவான் 2015இல் ஊபர் வாடகைக் கார்களை எப்படி ஒழுங்குபடுத்துவது என்ற சிக்கலுக்கு போலிஸ் என்ற மென்பொருளைப் பயன்படுத்தியது (காவல்துறை இல்லை, பெயரே அதுதான்). ஒருவர் கருத்தை மற்றவர் ஏற்கலாம், மறுக்கலாம். பதில் எழுத மட்டும் வழியில்லை. எதிரெதிர் அணிகள் இரண்டும் எதை ஏற்கின்றன என்று அது காட்டும். பயணிகளுக்குக் காப்பீடு வேண்டும் என்பதில் அப்படித்தான் ஒத்துப்போனார்கள். ஆனால் அங்கேயும் போலிக் கணக்கு நுழையாமல் யாராவது காவல் இருக்க வேண்டும்.

பழைய கோப்பு:
மலர், உறைத்தது. பிழையைப் பார்த்து ஆளை நம்பினேன், அவ்வளவுதான்.

சரி, இந்த முறை ஆளைத் தேடாமல் ஓட்டையைத் தேடிப் பார்க்கிறேன். ஒரு கடிதம் சொன்னாலும் ஆயிரம் கடிதம் சொன்னாலும் அது ஒரே வரியாகத்தான் தொகுப்பில் ஏறும். என்ன, தொகுப்பை மேலே அனுப்பியதும் வரும் முதல் தொலைபேசி எப்போதும் ஒன்றுதான் கேட்கும்: “ஆதரவு எத்தனை, எதிர்ப்பு எத்தனை?”